சனிக்கிழமை வரைக்கும் கையெழுத்து

2008 ஜூன் 7, சனி

இல்லை, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நடக்கப்போவதை முன்கூட்டி எழுதிவைப்பது, அவ்வளவுதான்.

இராணுவ முகாம் வாசலில் காலை ஆறரைக்குப் பத்திரம் இருக்க வேண்டும். அன்றைக்குக் கட்டட வேலைக்கு உள்ளே போகிற பதினான்கு பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பாதுகாப்பு விளக்கம் கேட்டாரா, தொப்பி, சப்பாத்து, பெல்ட் பெற்றுக்கொண்டாரா, கடைசியில் கையெழுத்து. அதிகாரி அதில் ஒப்பமிட்ட பிறகுதான் தடைமரம் உயரும். ஆட்களை ஏற்றிவரும் லொறி ஏழு மணிக்குத்தான் வருகிறது. ஏழுக்கு வருகிறவர்கள் ஆறரைக்கு எப்படிக் கையெழுத்திடுவார்கள்? ஒரு மாதம் இதற்காகவே தினமும் வாசலில் சண்டை.

வழி கண்டுபிடித்தது நான். சனிக்கிழமை வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அடுத்த வாரத்தின் ஆறு தாள்களிலும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது. கட்டங்களைச் சிங்களத்தில் நான் நிரப்பி, சரி அடையாளம் போட்டு, ஒவ்வொரு காலையும் ஒரு தாள் கொடுப்பேன்.

பெரிய கம்பனியின் இன்ஜினியர் பார்த்துவிட்டு "ஹரி ஷோக்", பிரமாதம், என்றார். அவர்களிடமிருந்து கூரை வேலையைக் கொந்தராத்து எடுத்திருப்பவர் எங்கள் முதலாளி ஸம்சுதீன். அவருக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. "டிகிரி படிச்ச புள்ள எண்டா இதுதான்."

பேராதனையில் நான்கு வருடம். அதற்குக் கிடைத்த முதல் பாராட்டு இது.

ஜூன் 9, திங்கள்

என் மேசையில் இரண்டு விதிப் புத்தகங்கள்.

ஒன்று கம்பனியுடையது, தடித்தது. ஆறடிக்கு மேலே வேலை செய்கிற எவரும் பெல்ட் கட்டி, அதன் கொக்கியை மேலே இழுத்துக் கட்டிய கயிற்றில் மாட்டியிருக்க வேண்டும் என்கிறது. மற்றது முகாமுடையது, தட்டச்சில் நான்கு பக்கம். வெளியாட்களிடம் கயிறோ இரும்புக் கொக்கியோ இருக்கக் கூடாது என்கிறது. ஆகவே மாலையில் பெல்ட்டுகள் எல்லாம் காவல் அறைக்குள் போய்விடும். காலையில் சார்ஜன்ட் பூட்டைத் திறந்து எண்ணிக் கொடுக்க வேண்டும்.

இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. தடைமரத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டில், அதுதான் என் அலுவலகம். ஐந்து மாதமாக அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு ஆணியையும் எழுதுகிறேன். கட்டடத்தைப் பார்த்தது கிடையாது. மலை மடிப்புக்குப் பின்னால் இருக்கிறதாம். வாகனங்கள் நிறுத்தும் கொட்டகை. வரைபடத்தில் கூரையின் உயரம் இருபத்திரண்டு அடி.

ஜூன் 12, வியாழன்

மழை. ரப்பர் மரங்களில் பால் வெட்டு மூன்று வாரமாக இல்லை. லயத்து வரிசை வீடுகளில் ஆண்கள் எல்லாம் வாசலில் குந்தியிருக்கிறார்கள்.

அக்காவின் கணவர் சுரேந்திரன் மச்சானை நான் இதில் சேர்த்துவிட்டது போன மாதம். அக்கா கேட்டாள். பொலிஸ் அறிக்கை, தோட்டத்துக் கடிதம், கிராம சேவகர் கடிதம், எல்லாம் நானே அலைந்து வாங்கினேன். தமிழ்ப் பெயருக்கு அனுமதி வர இருபத்தாறு நாள். வந்த அன்று அக்கா பாயாசம் வைத்தாள். எனக்கு அவளையும், அவளுக்கு என்னையும் விட்டால் பிறந்த வீட்டில் இப்போது யாருமில்லை.

மழை விட்டால் திரும்பப் பால் வெட்டப் போவேன் என்கிறார் மச்சான். "கேம்புல எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா மரம் நம்மள ஐடின்டி காட்டச் சொல்லாது பாருங்க."

ஜூன் 17, செவ்வாய்

ஒன்றுமில்லை. பதினான்கு பெயர். பதினான்கு சரி.

ஜூன் 21, சனி

கையெழுத்து நாள். கொட்டிலுக்குள் பதினான்கு பேரும் ஈரச் சட்டையோடு.

ஏழுமலை அண்ணன்தான் இவர்களில் மூத்தவர். ஆறு தாளிலும் போட்டுவிட்டுக் கையை உதறினார். "கல்யாண ரெஜிஸ்தர்லகூட நான் ஒரு தடவதான் போட்டேன்."

"ஒரு தடவ போட்டதுக்கே இருபத்தஞ்சு வருசமா மாட்டிக்கிட்டு இருக்கீங்களே அண்ண" என்றார் மச்சான்.

மச்சான் மெதுவாகப் போடுகிறவர். முழுப் பெயர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், ஒவ்வொரு எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவார். கடைசிப் புள்ளியைப் பேனாவை நிறுத்தி, அழுத்தி வைப்பார்.

"சுருக்கிப் போடுங்க மச்சான், லொறி நிக்குது."

"சுருக்குனா அது யாரு கையெழுத்துன்னு எப்பிடித் தெரியும் டீச்சர்?" நான் டீச்சர் இல்லை. பல்கலைக்கழகம் போனதற்கு அவர் வைத்த பெயர் அது. "வர்ற சனிக்கிழம எனக்கு வயித்து வலின்னா என்னா பண்ணுவீங்க?"

"வராதுன்னு எழுதிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 24, செவ்வாய்

சுரேந்திரன் மச்சான் கூரையிலிருந்து விழுந்தார். பத்தே கால். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே

ஜூன் 25, புதன்

எழுத முடிகிறது. எப்படி முடிகிறது?

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நேற்று முகாமில் ஏதோ புது உத்தரவு. காவல் அறை பூட்டியிருந்தது. சாவி சார்ஜன்ட்டிடம். சார்ஜன்ட் ஒரு கூட்டத்தில். பெல்ட்டுகள் வெளியே வரவில்லை. அது இல்லாமலே ஆறு பேர் கூரைக்கு ஏறியிருக்கிறார்கள். மழையில் ஊறிய அஸ்பெஸ்டஸ் தகடு. இன்னும் ஆணியடிக்காத தகடு ஒன்றில் மச்சான் கால் வைத்திருக்கிறார். கீழே சீமெந்துத் தரை.

நேற்றைய பத்திரத்தில்: பெல்ட், சரி. கையெழுத்து, சுரேந்திரன்.

என் பையில் இன்னும் நான்கு தாள்கள் இருக்கின்றன. புதன், வியாழன், வெள்ளி, சனி. நான்கிலும் அவர் கையெழுத்து. இன்றைக்கும் வேலைக்கு வந்திருக்கிறார். பாதுகாப்பு விளக்கம் கேட்டிருக்கிறார். பெல்ட் பெற்றுக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 27, வெள்ளி

அடக்கம். தோட்டத்து மயானம் ரப்பர் மரங்களுக்கு நடுவில். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதும் தண்ணீர் இருந்தது.

கம்பனியிலிருந்து ஒருவர் மலர் வளையத்தோடு வந்தார். நல்லவர் போலத்தான் பேசினார். பெல்ட் கொடுத்திருந்தோம், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறார், அதைக் கட்டாமல் ஏறிவிட்டார், இந்தப் பையன்கள் இப்படித்தான், என்று சிங்களத்தில் சொன்னார். யாரும் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. எல்லோருக்கும் விளங்கியது.

அதுவரை தலைகுனிந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவரை அல்ல. பெட்டியை.

ஜூலை 2, புதன்

ஸம்சுதீன் முதலாளி கொட்டிலுக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை.

"மகள், அந்தக் கிழமையில மிச்சமான தாள் எங்க ஈக்கி?"

"எங்கிட்ட."

"நாலுலயும் அவருட சைன் ஈக்கிதானே? மவுத்தாகி நாலு நாளைக்குப் பொறகும் சைன் வெச்ச மாதிரி. யாரும் கண்டா எல்லாத் தாளும் பொய்யாப் போகும். எரிச்சிடுங்க."

பிறகு வெளியே மழையைப் பார்த்தபடி, "நான் கெட்டவன் இல்ல, புள்ள" என்றார். நான் கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லைதான். படிப்பு முடித்து இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தபோது கூப்பிட்டு மேசை கொடுத்தவர்.

மாலை கேட்டார். எரித்துவிட்டேன் என்றேன்.

எரிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. இப்போதைக்கு, தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

பதினாறு.

அக்கா அழவே இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்றையே சொல்கிறாள். "பெல்ட்டு குடுத்திருக்காங்க. இவரு போடல. எங்க ரெண்டு பேரையும் நெனச்சிருந்தா போட்டிருப்பாருல்ல?" இரண்டு பேர் என்பது அவளும் நான்கு வயது மகளும்.

மச்சானின் அம்மா மூக்காயி அத்தை பின்கட்டிலிருந்து வந்தாள். இன்னும் பால் வெட்டுகிறவள். மகனுக்கு அந்த வேலையைப் பழக்கியதும் அவள்தான்.

"எம் புள்ள வெட்டுக் கத்திய ஒறயில போடாம வீட்டுக்குள்ள வந்ததில்ல. அவனா பெல்ட்டு போடாம ஏறுவான்?"

"பேப்பர் இருக்கு அத்த. கையெழுத்துப் போட்டிருக்காரு."

"பேப்பர நம்புவ. ஏழு வருசம் கூட இருந்தவன நம்ப மாட்ட."

"நம்பித்தான இப்பிடி இருக்கேன்."

அத்தை அந்த வீட்டில் சாப்பிடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், படித்தவள் ஏதாவது சொல்வாள் என்று. நான் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

ஜூலை 16, புதன்

பஸ் தரிப்பில் ஏழுமலை அண்ணன். பொலிஸில் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வருகிறார். பெல்ட் கொடுத்தார்கள் என்று சொன்னாராம்.

"கொடுக்கலையே அண்ண."

"கொடுக்கல."

"அப்ப?"

"நீங்க எழுதுன பேப்பர எம் முன்னுக்கு வச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு. கொடுத்ததா அதுல இருக்கு. என் கையெழுத்தும் இருக்கு. நான் மாத்திச் சொன்னா பேப்பரு பொய்யா, நான் பொய்யா? கேம்புக்குள்ள நடந்த விசயம் பாப்பா. என்ன ராத்திரிக்குத் தேடி வந்தா நீங்களா வருவீங்க?"

குரல் உயரவே இல்லை. பஸ் வந்தது. ஏறப்போனவர் திரும்பி, "ஒங்களக் குத்தஞ் சொல்லல. பேப்பர்னா அப்பிடித்தான்" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்கிறார். கடவுளே.

ஜூலை 28, திங்கள்

அக்கா அவருடைய சட்டைகளை லயத்து ஆண்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கேகாலையில் தொழில் அலுவலக விசாரணை. பத்தொன்பதாம் திகதி. பத்திரம் எழுதியவர் என்ற முறையில் நானும் வர வேண்டும்.

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் பெல்ட் என்ற அந்த ஒரு கட்டத்தைப் பற்றி. யாருடைய தவறு என்று அவர்கள் எழுதப்போவது கடைசி எழுத்தாகிவிடும். அக்கா சாகும்வரை அதை நம்புவாள். அவள் மகளும் அதைக் கேட்டு வளர்வாள்: உங்கப்பா கொடுத்த பெல்ட்டைக் கட்டாமல் செத்தவர்.

முதலாளி சொன்னார்: "இது ஒங்கட கையெழுத்தா எண்டு கேப்பாங்க. ஓம் எண்டு மட்டும் செல்லுங்க. வேற ஒண்டும் வேணாம்."

நான் மேசையிலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கினேன்.

"மகள், இது சில்லறைக் கடை இல்ல. கேம்ப். கேம்புக்குப் பொய்ப் பேப்பர் குடுத்த தமிழ்ப் புள்ள எண்டு ஒரு வரி எழுதிட்டாங்க எண்டா என்னால வந்து எடுக்க ஏலாது. என்னயும் ஆரும் எடுக்க மாட்டாங்க."

அவர் மிரட்டவில்லை. அவருக்கும் பயம். மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நான்கு தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக் கையெழுத்து கொஞ்சம் சரிந்திருக்கிறது. அப்போது யாரோ அவர் தோளைத் தட்டியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நான்கு நிமிடம்.

செவ்வாய்க்கிழமைத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார் அதிகாரி. வயதானவர், சளி பிடித்திருந்தது. இதை எழுதியது நீங்களா? ஆம். இந்தச் சரி அடையாளங்கள்? நான் போட்டவை. நன்றி, போகலாம்.

கேட்டதற்கு எல்லாம் உண்மையே சொன்னேன். தாள்கள் என் பையில் இருந்தன. பையை மடியில் இறுக்கி வைத்திருந்தேன். வாங்கில் அக்காவும் மூக்காயி அத்தையும், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.

தொழிலாளியின் கவனயீனம் என்றே தெரிகிறது, முடிவு எழுத்தில் வரும் என்றார். அக்கா தலையாட்டினாள். முன்பே தெரியும் என்பது போல.

வெளியே வந்ததும் முதலாளி எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜூன் 25ஆம் திகதி இந்தக் கொப்பியில் நான் எழுதாமல் விட்டது.

அதற்கு முந்தைய நாள், விழுந்த அன்று, காலை ஏழு பத்துக்கு மச்சான் கொட்டில் யன்னலுக்கு வந்தார். தொப்பி போட்டிருந்தார்.

"டீச்சர், பெல்ட்டு இன்னும் வரல. சார்ஜன் இல்லயாம். வர்ற வரைக்கும் நாங்க கீழயே நிக்கவா?"

நான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

"பத்து மணிக்குள்ள வந்துரும் மச்சான். பேப்பர் உள்ள போயிருச்சு. பெல்ட்டு வாங்கிட்டதா அதுல இருக்கு. பெல்ட்டு இல்லன்னு நீங்க கீழ நின்னா பேப்பர் பிழையாயிரும். பாத்து மெதுவா ஏறுங்க."

கொஞ்ச நேரம் யன்னலில் நிழல் இருந்தது.

"சரி. பேப்பரக் காப்பாத்திருவோம்" என்றார். சிரித்தார். போனார்.

அவர் கேட்டார். நிற்கவா என்று கேட்டார். கவனயீனம் யாருக்கு? நான்தான் ஏறச் சொன்னேன். நான்தான் சொன்னேன். ஐயோ, தலையத் தூக்கி ஒரு தடவ பாத்திருக்கலாமே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தோட்டத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 30, சனி

போனேன். தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். காட்டுவதற்கென்று முடிவு செய்து போகவில்லை. எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கியது. மச்சானைத் திட்ட ஆரம்பிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்குக் காலையில வாசல்ல நீதான இருந்த. அவரு கடைசியா ஏதாச்சும் சொன்னாரா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. லொறி வந்துருச்சுன்னு ஓடிட்டாரு."

இரண்டு மாதமாக இதைக் கேட்க அவளுக்குக் கோபம் விடவில்லை.

சொன்னேன். யன்னலை, அவர் கேட்டதை, நான் சொன்னதை, பேப்பரக் காப்பாத்திருவோம் என்று அவர் சிரித்ததை. பிறகு நான்கு தாள்களையும் அவள் கையில் கொடுத்தேன். எப்படி எழுதினோம் என்றும் சொன்னேன்.

அவள் எழுந்து வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அவர் பெயரை மட்டும் தேடித் தேடி விரல் வைத்தாள்.

"பெல்ட்டு குடுக்கவே இல்ல."

"இல்லக்கா."

"கேட்டிருக்காரு."

"ஆமா."

முறத்தில் கோழி வாய் வைத்தது. அவள் விரட்டவில்லை.

"ரெண்டு மாசம் அவரத் திட்டியிருக்கேன். செத்தவர. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம். நீ எதுத்தாப்ல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த. எங் கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்ச."

நான் அவள் காலைத் தொடப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

"எந்திரிச்சுப் போ."

தாள்களைத் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பகல் பன்னிரண்டுக்கு மூக்காயி அத்தை ருவான்வெல்லைக்கு நடந்தே வந்திருந்தாள், என் வாடகை அறைக்கு. உள்ளே வரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள்.

"மூணு இருக்கு. சனிக்கிழமத் தாள அவ வச்சுக்கிட்டா. எதுக்குன்னு கேக்காத."

"கேக்கல அத்த."

"ஒன்ன மன்னிச்சுட்டதா யாரும் சொல்லி அனுப்பல."

"தெரியும்."

"எம் புள்ளயப் பத்தி நீ எழுதுனத நீயே போயி அழிச்சுட்டு வா. வேற யாருக்கும் அது முடியாது."

தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள், அண்ணாந்து, உதட்டில் படாமல். திரும்ப மூன்று மைல் நடந்து போனாள்.

செப்டம்பர் 3, புதன்

பல்கலைக்கழகத்தில் கவிதை எழுதுவேன். அதில் சொற்களைக் குறைப்பது பெருமை. நேற்று எழுதிய கடிதத்தில் ஒன்றையும் குறைக்கவில்லை. தாள்களுக்குக் கையெழுத்து வாங்கும் முறையைக் கண்டுபிடித்தது நான். வாரம் தொடங்கும் முன்பே சரி போட்டது நான். செவ்வாய் காலை பெல்ட் வரவில்லை என்று சுரேந்திரன் என்னிடம் சொன்னார், கீழே நிற்கவா என்று கேட்டார், ஏறுங்கள் என்றது நான். சிங்களத்தில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி.

கேகாலையில் அதே அதிகாரி. சளி விட்டிருந்தது. முழுவதையும் வாசித்தார். மூன்று தாள்களையும் வரிசையாக மேசையில் பரப்பினார். இறந்த திகதியை ஒரு தரம் பார்த்தார், தாள்களை ஒரு தரம் பார்த்தார்.

"இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை" என்று வந்தது வாயில். அதை விழுங்கிவிட்டு, "பயம்" என்றேன்.

"இப்போது?"

"இப்போதும்."

"சனிக்கிழமைத் தாள்?"

"வீட்டில் இருக்கிறது. தரமாட்டார்கள்."

ஏன் என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். முத்திரை குத்தினார். மீள் விசாரணைக்குச் சிபாரிசு செய்வேன், ஆனால் அது முகாம் சம்பந்தப்பட்டது, நாளாகும் என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டாவது முறையாகப் பொலிஸ். காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. யார் சொல்லி எழுதினாய், எந்த இயக்கம், எந்த ஊர், பேராதனையில் யாரோடு பழகினாய். ஒரே கேள்வி, வேறு வேறு ஆட்கள். அடிக்கவில்லை. அதையும் எழுத வேண்டும்.

வெளியே வந்தபோது வாங்கில் ஸம்சுதீன் முதலாளி உட்கார்ந்திருந்தார். வந்து எடுக்க ஏலாது என்றவர். ஜும்ஆவுக்குக்கூடப் போகாமல் இருந்திருக்கிறார். பஸ் தரிப்பு வரை கூடவே நடந்தார்.

"எரிச்சிட்டேன் எண்டு எனக்கிட்டப் பொய் சென்னீங்களே, மகள்."

"ஓம்."

"பரவால்ல. நாளேல இருந்து வராதீங்க."

கொந்தராத்து நின்றுவிட்டது. பதின்மூன்று பேரின் அனுமதியும் ரத்து. ஏழுமலை அண்ணன் கடைவீதியில் என்னைக் கண்டு எதிர்ப்பக்கம் மாறிப் போனார். அவருக்கு மூன்று பெண்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தோட்டம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழந்தையின் குரல். தட்டவில்லை.

அக்டோபர் 4, சனி

பெல்மதுளைக்கு வந்துவிட்டேன். ஒரு தனியார் வகுப்பு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் எழுத, வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது நிஜமாகவே டீச்சர். அதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

கேகாலையிலிருந்து ஒரு கடிதம்: முதல் முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, மீள் விசாரணைத் திகதி பின்னர் அறிவிக்கப்படும். நிறுத்திவைத்திருக்கிறார்கள். அழிக்கவில்லை. ஒரு பிரதியை அக்காவுக்குத் தபாலில் போட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

முதல் பஸ்ஸில் புறப்பட்டுப் பதினொன்றுக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தேன். கதவு திறந்திருந்தது.

உள்ளே பாயில் அக்காவும் மூக்காயி அத்தையும் பக்கத்தில் பக்கத்தில். குழந்தை அத்தையின் மடியில். பக்கத்து வீட்டுத் தங்கம்மாவுக்கு அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் ஆட்டி. அவள் அப்படிப் பேசி நான் பார்த்து எவ்வளவு நாள்.

"புள்ளைக்கு எந்த மருந்தா இருந்தாலும் மொதல்ல அவரு ஒரு கரண்டி குடிச்சுப் பாப்பாரு. சேருதான்னு பாக்குறாராம். ஒரு தடவ பூச்சி மருந்த அப்பிடிக் குடிச்சுட்டு, புள்ள நல்லா இருக்கு, இவரு மூணு நாளா கக்கூசுக்கும் வீட்டுக்கும் நடக்குறாரு."

"அவங்கப்பனும் அப்பிடித்தான்" என்றாள் அத்தை. "பயந்தாங்கொள்ளிப் பரம்பர."

மூன்று பேரும் சிரித்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமாக, வாய்விட்டு, அவர் பேரைச் சொல்லி. நான்கு மாதத்தில் முதல் தடவை. அத்தை அவள் முதுகைத் தடவியபடி இருந்தாள்.

நிமிர்ந்தபோது வாசலில் என்னைக் கண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே, "காலையில இருந்து அடுப்பு மூட்டல" என்றாள். யாரிடம் என்று இல்லை.

செருப்பைக் கழற்றினேன். பின்பக்கமாகச் சுற்றிப் போய், அடுப்பை மூட்டி, அரிசியைக் கழுவி உலையில் போட்டேன்.